கன்னத்துப் பஞ்சு

அவருடைய ஆட்டோவில் ஏறிய எந்தப் பிள்ளைக்கும் மனதில் கோளாறு இருந்ததே இல்லை. பல்வலி இருந்தது. காதில் சீழ் இருந்தது. கண் மங்கல், பூச்சித் தொல்லை, தேமல், நாக்குப்புண் எல்லாம் இருந்தன. ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் மேல் லயத்து வரிசை வீடுகளிலிருந்து ஆட்டோ புறப்பட்டு, கொழுந்து நிறுக்கும் மடுவத்தைத் தாண்டி, தார் வீதியைத் தொடுவதற்குள் பின் இருக்கையில் இருக்கும் பிள்ளைக்கு ஒரு நோய் தயாராகிவிடும். அதைத் தாய்க்கும் பிள்ளைக்கும் அவரே சொல்லிக்கொடுப்பார். திரும்பி வரும்போது யாராவது கேட்டால் மூன்று பேரும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும் அல்லவா.

உண்மையில் அவர்கள் போனது பதுளை டவுனில் நடக்கும் பிள்ளைகளுக்கான மனநலக் கிளினிக்குக்கு.

நான் அப்போது படிப்பு முடிந்த கையோடு ஒரு திட்டத்தில் சேர்ந்திருந்தேன். ஒரு பிள்ளைக்கு மனதில் ஏதோ சரியில்லை என்றால், அதுவரை பாடசாலையின் ஆலோசனை ஆசிரியை தனியாகப் பார்ப்பார், மருத்துவிச்சி தனியாகப் பார்ப்பார், தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தர் தனியாக, ஆஸ்பத்திரி டொக்டர் தனியாக. ஒவ்வொருவரும் அதே கேள்வியைக் கேட்பார்கள். அப்பா குடித்துவிட்டு அடித்த கதையை ஒரு பிள்ளை ஒவ்வொரு மேசைக்கு முன்னாலும் நின்று புதிதாகச் சொல்ல வேண்டும். இவர்களை எல்லாம் ஒரே மேசையில் உட்கார வைப்பதுதான் எங்கள் திட்டம். ஒரு குடும்பத்துக்கு ஒரு தொடர்பாள். அந்தத் தொடர்பாள் நான். ஒருவரிடம் சொன்னதை மற்றவரிடம் நான் கொண்டுபோவேன். பிள்ளை திரும்பச் சொல்லத் தேவையில்லை. உலகத்திலேயே நல்ல யோசனை இதுதான் என்று எனக்குப் பட்டது. இன்றும் அப்படித்தான் படுகிறது. அதுதான் சங்கடம்.

மேசையில் எல்லாரும் இருந்தார்கள். மேட்டு லயத்திலிருந்து பிள்ளையை யார் இறக்கிக் கொண்டுவருவது என்பதை மட்டும் யாரும் யோசித்திருக்கவில்லை. நான் திட்டத்து வேனில் ஒரு பையனின் வீட்டுக்குப் போனேன். வேன் போய் நின்றதும் லயமே வாசலுக்கு வந்தது. அடுத்த முறை போனபோது அந்த வீட்டுக் கதவு வெளியே பூட்டியிருந்தது. உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. பூட்டைப் பார்த்துக்கொண்டு நான் நின்றபோதுதான் அவர் ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு வந்தார். ஒல்லியான மனிதர். கழுத்தில் மப்ளர், காலில் பாட்டாச் செருப்பு. பேசுமுன் ஒருமுறை சுற்றிலும் பார்த்துக்கொள்வார்.

"மிஸ், கோவிச்சுக்காதீங்க. இந்த வேன்ல வந்தீங்கன்னா ஒருத்தரும் வர மாட்டாங்க."

"ஏன் அண்ணே?"

"அதுலதான் எழுதியிருக்கே, 'மனநலம்'னு. இங்க எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவங்ககூட அதைப் படிச்சுட்டாங்க. எங்கிட்ட விடுங்க. நான் பல்லுக்குன்னு கூட்டிட்டு வர்றேன்."

"பல்லுக்கா?"

"பல்லு யாருக்கு வேணும்னாலும் வலிக்குங்களே மிஸ். தொரைக்கும் வலிக்கும், கங்காணிக்கும் வலிக்கும். அதுல கேவலம் ஒண்ணுமில்ல."

அந்த மாதமே பூட்டியிருந்த வீட்டுப் பையன் கிளினிக்குக்கு வந்துவிட்டான்.

பொய்யில் அவருக்கு ஒரு முறை இருந்தது. வாய்க்கு வந்ததைச் சொல்ல மாட்டார். நோய் பிள்ளையின் உடம்புக்குப் பொருந்த வேண்டும் என்பார். பேசாமலே போன பிள்ளைக்குத் தொண்டை. தூக்கத்தில் அலறி எழும் பிள்ளைக்குப் பூச்சி. எந்நேரமும் அடித்து உடைக்கும் பையனுக்குக் காது. "காது வலி வந்தா பெரியவங்களே பேயா ஆடுவாங்க மிஸ், சின்னப் பையன் ஆட மாட்டானா?" என்று விளக்கம் வேறு. பல் என்று சொல்லிக் கூட்டிப்போன பிள்ளை திரும்பி வரும்போது, லயத்துக்கு ஏறும் வளைவுக்கு முன்னால் ஆட்டோவை நிறுத்துவார். டாஷ்போர்டுக்குள்ளிருந்து ஒரு பொட்டலம் எடுத்து, பஞ்சைக் கிள்ளிப் பிள்ளையின் கையில் கொடுப்பார்.

"கன்னத்துல அடக்கிக்க. யாராச்சும் கேட்டா ம்ம்னு மட்டும் சொல்லு."

பிள்ளைகளுக்கு அந்தப் பஞ்சு மிகவும் பிடித்திருந்தது. கிளினிக் வாங்குப் பலகையில் வாடிப்போய் உட்கார்ந்திருந்த பிள்ளைகூட, கன்னம் உப்பிய முகத்தைக் கண்ணாடியில் பார்த்துச் சிரித்துவிடும். நானும் சிரிப்பேன். எனக்கு அவர் ஒரு கலைஞர் என்றே தோன்றியது.

லயத்துக்காரர்கள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை. முன் வரிசையில் ஒரு அக்கா இருந்தார். அவருக்குத் தெரியாமல் அந்தத் தோட்டத்தில் கோழிகூட முட்டையிடாது. ஒருநாள் ஆட்டோவை வழிமறித்துக் கேட்டார்.

"என்னா அண்ணே, நம்ம லயத்துப் பிள்ளைங்களுக்கு மட்டும் மாறி மாறிப் பல்லு வலிக்குது? அடுத்த லயத்துல பல்லே இல்லையா?"

"டொபிய வாங்கி வாங்கி வாயில திணிச்சா வலிக்காம? உன் மகன் வாயைத் தொறந்து பாரு தங்கச்சி. உள்ள கொழுந்து மடுவம் மாதிரி இருட்டா இருக்கும்."

"என் மகன் பல்லுக்கு ஒரு கொறையும் இல்ல. ஒங்க வாய்தான் புழுத்துப் போச்சு."

"அதுக்குத்தான் தினமும் கொண்டுபோய்க் காட்டுறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். ஆட்டோ நகர்ந்தது. உள்ளே இருந்த தாய் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அந்தத் தாய் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இந்தப் பல் கதை நலன்புரி உத்தியோகத்தரின் காது வரை போய்விட்டது. எங்கள் மேசையில் உட்காருகிறவர் இல்லை, புதிதாக மாறி வந்தவர். தன் பிரிவில் இத்தனை பிள்ளைகளுக்குப் பல் கெட்டிருக்கிறதே என்று கவலைப்பட்டு, நடமாடும் பல் வைத்திய வண்டிக்கு எழுதிப் போட்டு, அது ஒரு சனிக்கிழமை வந்தும்விட்டது. பல் வைத்தியர் ஒவ்வொரு வாயாகத் திறந்து பார்த்துவிட்டு, இந்தத் தோட்டத்துப் பிள்ளைகளின் பல் டவுன் பிள்ளைகளுடையதைவிட நன்றாகத்தானே இருக்கிறது என்றாராம். மறுவாரம் ஆட்டோவில் ஏறிய நாலு பிள்ளைகளுக்கும் காதுவலி.

இதை நான் எங்கள் மாதாந்தக் கூட்டத்தில் கதையாகச் சொன்னேன். டொக்டர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். கிளினிக்குக்கு வருகிறவர்களின் எண்ணிக்கை கூடியிருந்தது. எப்படிச் சாதித்தீர்கள் என்று வேறு பிரிவுக்காரர்கள் கேட்டார்கள். "போக்குவரத்து" என்று பெருமையாகச் சொன்னேன்.

அதே லயத்தில்தான் அவர் வீடும். அவருக்கு ஒரு மகள். ஒன்பதாம் வகுப்பு. டவுன் பாடசாலையில் படித்தாள். காலையில் ஆட்டோவின் முன்புறம் அப்பாவை ஒட்டி, பாதி இருக்கையில், புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு வருவாள். பின்னால் கிளினிக் குடும்பம், சில நாள் நானும். பாடசாலை வாசலில் அவளை இறக்கிவிட்டு ஆட்டோ ஆஸ்பத்திரிக்குப் போகும். ஆகவே ஒவ்வொரு பொய்யும் அவள் முன்னால்தான் தயாரானது. அவளுக்கு நல்ல ஞாபகசக்தி.

"அப்பா, இவனுக்குப் போன தடவை இடது காது. இப்ப வலதுன்னு சொல்றீங்க."

"பார்த்தீங்களா மிஸ்? நமக்கு செக்ரட்டரி."

அவள் சிரிக்காமல் முன்னால் பார்த்துக்கொண்டு வருவாள். துடியான பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன். அவளோடு நான் பேசியதெல்லாம் படிப்பைப் பற்றித்தான். எந்தப் பாடம் பிடிக்கும், பெரியவளானதும் என்ன செய்யப்போகிறாய், இப்படி. மனதுக்குள் என்ன ஓடுகிறது என்று பிள்ளைகளிடம் எப்படிக் கேட்பது என்பது என் வேலை. அந்த வேலையெல்லாம் பின் இருக்கைக்கு மட்டும்தான் என்று நான் பிரித்து வைத்திருந்ததாகத் தெரிகிறது.

அவளுடைய கைகளை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. மழை விட்ட ஒரு காலையில் ஆட்டோவின் பக்கத் திரையைச் சுருட்டிக் கட்டினாள். விரல் மடிப்புகள் வெடித்து, மணிக்கட்டு வரை சிவந்து, சில இடங்களில் தோல் தாள் மாதிரி உரிந்திருந்தது. கொழுந்து பறிக்கிறவர்களின் கைகள் எனக்குத் தெரியும். அது வேறு மாதிரி. இது சலவை செய்தே தேய்ந்த கை.

"என்னம்மா கையில?"

அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் சொன்னார். "தோல் ஒவ்வாமை மிஸ். அந்த சவர்க்காரம் இதுக்கு ஒத்துக்கல."

சொல்லுமுன் அவர் சுற்றிலும் பார்த்தாரா என்று இப்போது யோசிக்கிறேன். ஞாபகமில்லை. அவருடைய பொய்களின் இலக்கணம் முழுக்க எனக்குத் தெரியும். நோய் உடம்புக்குப் பொருந்த வேண்டும். கைக்குத் தோல். எவ்வளவு அழகாகப் பொருந்தியிருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? டவுன் பார்மசியில் ஒரு களிம்பு வாங்கி அடுத்த நாள் அவளிடம் கொடுத்தேன். அவள் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டு, "தேங்க்ஸ் மிஸ்" என்றாள்.

அதோடு போயிருந்தால் ஒரு முட்டாள்தனம் என்று விட்டுவிடலாம். சில வாரம் கழித்துப் பாடசாலையின் ஆலோசனை ஆசிரியை கூட்டம் முடிந்து என்னைத் தனியாக நிறுத்தினார்.

"ஸ்பிரிங்வெளிப் பக்கமிருந்து ஒரு பிள்ளை வருதே, ஆட்டோக்காரர் மகள். இடைவேளைக்குப் போனால் திரும்பி வர அரைப் பாடம் போயிருது. குழாயடியிலேயே நிக்கிறாளாம். கொஞ்சம் கூப்பிட்டுப் பேசட்டுமா?"

"அது தோல் ஒவ்வாமை டீச்சர். எனக்குத் தெரிஞ்ச குடும்பம்தான். மருந்து பூசறாங்க."

"அப்படியா, சரி சரி" என்று அவர் நிம்மதியாகப் போனார். மருத்துவிச்சியிடமும் இதையே சொன்னேன். ஒரே கேள்வியைப் பிள்ளையிடம் திரும்பத் திரும்பக் கேட்கக் கூடாது என்பது எங்கள் விதி. தொடர்பாள் பதில் சொல்லிவிட்டால் அடுத்தவர் கேட்க மாட்டார். விதியை எல்லாரும் சரியாகக் கடைப்பிடித்தார்கள். ஒரு தகப்பனின் பொய்யை நான் ஒவ்வொரு மேசைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அவர் லயத்தைத்தான் ஏமாற்றினார். மற்ற எல்லாரையும் ஏமாற்றிக்கொடுத்தது எங்கள் ஒழுங்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் அவருடைய மனைவி எனக்குப் போன் எடுத்தார். அதற்கு முன் அவர் என்னோடு பேசியதே இல்லை.

"மிஸ், பிள்ளை காலையில இருந்து பீலியவிட்டு வர மாட்டேங்குது. வந்து கூப்பிடுங்க மிஸ். நீங்க சொன்னா கேக்கும்."

பீலி என்பது லயத்துக்கே பொதுவான தண்ணீர்க் குழாய். மலையிலிருந்து விழும் ஊற்று. நிறுத்த முடியாது, எந்நேரமும் ஓடும். நான் போனபோது பெண்கள் குடங்களோடு அரைவட்டமாக நின்றிருந்தார்கள். ஒருவரும் தண்ணீர் பிடிக்கவில்லை. நடுவில் அவள் குந்தியிருந்தாள். பாவாடை முழுக்க நனைந்து, உதடு நீலம் பாய்ந்து, கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். உதட்டுக்குள் எதையோ எண்ணினாள். பிசகியதும் மறுபடி முதலிலிருந்து. அம்மா தொடப் போனபோது, "தொடாதீங்கம்மா, மறுபடி எண்ணணும்" என்று அழுதாள்.

அவர் பெண்களுக்கும் மகளுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தார். கையை விரித்து மறைத்தபடி.

"சாயம் பட்டிருச்சு. பெயின்ட். ஸ்கூல்ல பெயின்ட் அடிச்சாங்க, அது போக மாட்டேங்குது. நீங்க போங்க. போங்கன்னேன்ல."

முன் வரிசை அக்காதான் முதலில் அசைந்தார். குடத்தைக் கீழே வைத்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்: "போதும் அண்ணே. பிள்ளை குளிர்ல வெறைக்குது. மொதல்ல வண்டிய எடுங்க."

ஆஸ்பத்திரியில் டொக்டர் சிங்களத்தில் கேட்டதை நான் தமிழில் அவரிடம் கேட்டேன். இதற்கு முன் எங்காவது காட்டினீர்களா, ஏதாவது மாத்திரை கொடுத்தார்களா?

"இல்ல மிஸ். இதுதான் மொத தடவை."

கம்பளிக்குள் சுருண்டிருந்த மகள் கண்ணைத் திறக்காமல் சொன்னாள். "காட்டியிருக்கு மிஸ். மாத்திரையும் தந்தாங்க. மலைக்கு அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியில. அங்க போனா நான் ஸ்டெல்லா."

டொக்டருக்கு நான் அதை மொழிபெயர்க்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

தன் ஆட்டோவை வீட்டில் நிறுத்திவிட்டு, விடியற்காலை பஸ் ஏறி, இரண்டு பஸ் மாறி, தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத ஊர் ஆஸ்பத்திரிக்கு மகளைக் கொண்டுபோயிருக்கிறார். அங்கே வேறு பெயர், வேறு தோட்டம், வேறு சாமி. அந்த மருந்தில் அவள் கொஞ்சம் தேறியும் வந்திருக்கிறாள். பிறகு அங்குள்ளவர்கள், ஒழுங்காக வேலை செய்கிறவர்கள், வீட்டுக்கு ஒரு ஆளை அனுப்புகிறோம், பாடசாலையோடும் பேசுகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். எந்த வீட்டுக்கு? எந்தப் பாடசாலைக்கு? அதோடு போவதை நிறுத்திவிட்டார். மாத்திரையும் பட்டென்று நின்றது. நான் களிம்பு வாங்கிக் கொடுத்தது அந்த நாட்களில்தான்.

வெளி வாங்கில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். திட்ட வேண்டும் என்றுதான் போனேன். மப்ளரை அவிழ்த்து மடியில் வைத்து மடித்துக்கொண்டே இருந்தார்.

"எத்தனை பிள்ளைங்களக் கூட்டிட்டு வந்தேன் மிஸ். ஒருத்தருக்கும் தெரியாம. என் பிள்ளைய யாரு மிஸ் அப்படிக் கூட்டிட்டு வருவா? என் ஆட்டோ அந்தக் கிளினிக் வாசல்ல நின்னா, வாடகைன்னு நெனைப்பாங்க. உள்ள என் மகள் போனா?"

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே அண்ணே."

"சொல்லத்தான் நெனைச்சேன். நீங்க மருந்து வாங்கிட்டு வந்து குடுத்தீங்களா... அப்புறம் எப்படிச் சொல்றது?"

அவரே தொடர்ந்தார். "மொத தடவை பஸ்ஸுக்கு நிக்கும்போது அவ கேட்டா மிஸ். 'அப்பா, எனக்கு எது? பல்லா, காதா?' அப்படின்னு. சிரிச்சுக்கிட்டுக்கூட கேக்கல. எதைச் சொல்லணும்னு தெரிஞ்சுக்கிறதுக்குக் கேட்டா. அப்பதான்... அப்பவும் நான் என்ன சொன்னேன் தெரியுமா? தோலுன்னு சொல்லிக்கலாம்னேன்."

எத்தனை காலைகளில் அந்த முன் இருக்கையில் உட்கார்ந்து அவள் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். மனதுக்கு வருகிற எதற்கும் வேறு பெயர் வைத்துத்தான் வெளியே கொண்டுபோக வேண்டும் என்று அவளுக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. எல்லாருமாக நடத்திக் காட்டினோம். அவர் சொன்னார், நான் சிரித்தேன்.

அதன் பிறகு எங்கள் மேசை ஓரளவு உருப்படியாக வேலை செய்தது. பாடசாலையில் அவளைக் குழாயடிக்குத் தேடிப்போய்த் திட்டுவதை நிறுத்தினார்கள். வாரா வாரம் கிளினிக். மாத்திரை பழையபடி. வீட்டுக்கும் ஒரு பாடம் இருந்தது: "அம்மா, என் கை சுத்தமா?" என்று அவள் கேட்டால், சுத்தம் என்று பதில் சொல்லக் கூடாது. பதில் அந்த நேரத்துக்கு ஆறுதல் தரும்; ஆனால் அடுத்த கேள்விக்குத் தீனியாகிவிடும். அந்தத் தவிப்போடு அவள் கொஞ்சம் இருந்து பழக வேண்டும். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு பழகிக்கொண்டார். அப்பாவால் முடியவில்லை.

"சுத்தம்னு ஒரு வார்த்தை சொன்னா முகம் தெளிஞ்சிருது மிஸ். அதைச் சொல்லாம பார்த்துக்கிட்டு இருன்னா, என்னால ஏலாது."

ஒருமுறை நான் இருக்கும்போதே அவள் கேட்டாள். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. பதில் சொல்லவில்லை. அன்று அவர் செய்தது எவ்வளவு கஷ்டமான காரியம் என்று யோசித்துப் பார்க்கிறேன். கேட்டவருக்கெல்லாம் இதமான ஒரு பதிலைக் கையில் வைத்திருந்த மனிதர் அவர்.

ஆனால் லயத்தில் அவர் மானம் போயிருந்தது. பீலியடியில் நடந்ததைப் பார்த்தவர்கள் இரண்டையும் இரண்டையும் கூட்டிவிட்டார்கள். அப்படியானால் அந்தப் பல்? இவன் காது? அவள் கண்? பழைய நோய்கள் எல்லாம் ஒரே வாரத்தில் உடைந்தன. தங்கள் பிள்ளையைக் காட்டிக்கொடுத்தது அவர்தான் என்பதுபோல் அந்தக் குடும்பங்கள் நடந்துகொண்டன. எந்தத் தாய் சேலைத் தலைப்பில் சிரித்தாரோ, அவர் ஆட்டோவைக் கண்டால் முகத்தைத் திருப்பினார். சிலர் கிளினிக்குக்கு வருவதையே விட்டார்கள்; அவர்களில் இரண்டு வீட்டுக்கு நான் இன்னும் போய் வருகிறேன், இன்னும் கதவு முழுதாகத் திறக்கவில்லை. முன் வரிசை அக்கா மட்டும் ஒருநாள் தன் மகனைக் கையில் பிடித்துக்கொண்டு, நடந்தே, வீதி வரை வந்து பஸ் ஏறினார். எங்கே போகிறீர்கள் என்று யாரோ கேட்டதற்கு, "இவன் ராவெல்லாம் தூங்க மாட்டேங்கிறான், மனசு டொக்டர்கிட்டக் காட்டப் போறேன்" என்றாராம். இதை நான் ஆட்டோக்காரரிடம் சொன்னேன். அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

"அந்தத் தங்கச்சிக்குத் தைரியம் மிஸ்" என்றார். கொஞ்சம் கழித்து, "எனக்கு வாயி மட்டுந்தான்" என்றார்.

மழைக்காலம் முடிவதற்குள் குடும்பத்தோடு மலையை விட்டே இறங்கி வத்தளைக்குப் போய்விட்டார். மச்சினன் இருக்கிறான், ஆட்டோ ஓட்டலாம் என்று பிறகு போனில் சொன்னார். அவர்கள் போய்ச் சேர்ந்த பிறகுதான் எனக்கே தெரியும். மகளின் சிகிச்சை பாதியில் இருந்தது. அந்தப் பக்கத்திலும் எங்களைப் போல ஒரு குழு இருக்கிறது. ஒப்படைத்துவிடலாம், அதற்குக் குடும்பம் சம்மதிக்க வேண்டும். நான் போன் எடுத்தால் அவர்தான் பேசுவார்.

"நல்லா இருக்கா மிஸ். இப்ப ஒண்ணுமே இல்ல. படிப்பெல்லாம் ஜோரு."

"கொஞ்சம் பிள்ளைகிட்டக் குடுங்க அண்ணே."

"டியூஷனுக்குப் போயிருக்குங்களே."

அடுத்த முறை கோயிலுக்கு. அதற்கடுத்த முறை தூக்கம். எல்லாம் உண்மையாகவும் இருக்கலாம். பிள்ளைகள் டியூஷனுக்குப் போவார்கள், தூங்கவும் செய்வார்கள். அவர் குரலில் அதே கனிவு, அதே சுத்தம். யார் மனதையும் நோகவிடாமல் பேசுகிற ஒரு நல்ல மனிதரை நம்ப முடியாமல் போவதுபோல் ஒரு கஷ்டம் வேறு இல்லை. போனை வைத்துவிட்டு ஒவ்வொரு முறையும் கூசிப்போவேன், சந்தேகப்பட்டதற்கும், முன்பு சந்தேகப்படாமல் விட்டதற்கும்.

போன மாதம் நான் அழைத்தபோது அவளே போனை எடுத்தாள். குரல் பெரிய பெண்ணின் குரலாகியிருந்தது.

"எப்படிம்மா இருக்கே?"

"நல்லா இருக்கேன் மிஸ். இப்ப ஒண்ணுமே இல்ல."

அப்படியே அவர். அந்த நிறுத்தம்கூட. அவளுக்குப் பின்னால் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. யாரோ பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கலாம். கையைப் பற்றிக் கேட்கலாமா என்று நினைத்து, கேட்டால் அவள் என்ன சொல்வாள் என்பது முன்கூட்டியே தெரிந்ததால் வேறு ஒன்றைக் கேட்டேன்.

"உங்க பக்கத்துல ஒரு கிளினிக் இருக்கு. உன்னைப் பத்தி நான் அவங்ககிட்டச் சொல்லட்டுமா? நீ சரின்னா மட்டும். இல்லன்னா இல்ல."

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று போனைப் பார்த்தேன்.

"எந்தப் பேருல மிஸ்?"

"உனக்கு எது இஷ்டமோ."

"அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றாள். பிறகு, பாடசாலையில் வரவு கூப்பிடும்போது எழுந்து நிற்கிற பிள்ளை மாதிரி, தன் முழுப் பெயரையும் சொன்னாள், அப்பாவின் பெயரையும் முன்னால் சேர்த்து. அன்றே அந்தக் குழுவுக்கு அதைச் சொல்லிவிட்டேன். இங்கே எழுதவில்லை. எழுதாமல் விடுவது அவர்களுக்காகத்தானா, அவரிடமிருந்து எனக்குத் தொற்றிய பழக்கமா என்பது எனக்கே விளங்கவில்லை.